தள்ளுபடி போக மீதி

ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே நாளிதழுக்குள் மடித்து வரும் வழவழப்பான விளம்பரத் தாள்களை நான் பிரதிகளாகவே வாசிக்கிறேன். தமிழ் கற்பிப்பவளின் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எழுவாய் எங்கே, எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று கவிதையிடம் கேட்கும் கேள்விகளை இந்தத் தாள்களிடமும் கேட்கலாம். முன்பெல்லாம் இவற்றில் பட்டுப்புடவையும் பாத்திரமும் இருக்கும். பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. சில ஆண்டுகளாக ஸ்டாண்ட் மிக்ஸரும் சேர்ந்திருக்கிறது. கேக் மாவைக் கலக்க, முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்க, ரொட்டிக்கு மாவு பிசைய என்று வீட்டில் பேக்கிங் செய்பவர்கள் ஆசைப்பட்டுப் பார்க்கும் கனமான இயந்திரம் அது.

அண்மையில் என் கைக்கு வந்த தாளில் ஒரு பெண் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சேலையில் ஒரு துளி மாவு இல்லை. கணவனும் இரண்டு குழந்தைகளும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஒரு விலை, அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பில் இன்னொரு விலை. உங்கள் இல்லத்தரசிக்கு ஓர் ஆடிப் பரிசு என்ற பொருளில் கீழே ஒரு வாசகம். இலக்கணப்படி பாருங்கள். வாங்குபவன் எழுவாய். இயந்திரம் செயப்படுபொருள். அந்தப் பெண்ணுக்கு நான்காம் வேற்றுமை. அவள் செயலைச் செய்பவளும் இல்லை, விளித்துப் பேசப்படுபவளும் இல்லை. அவளைப் பற்றி, அவள் தலைக்கு மேலாக, இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கேக்கைச் செய்தது யார், பாத்திரத்தைக் கழுவப்போவது யார் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வினைச்சொல்கூட இல்லை.

தள்ளுபடி என்ற சொல் எதைத் தள்ளுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. விலையிலிருந்து சில ஆயிரம் ரூபாய் தள்ளப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரியும் கழித்தல். கண்ணுக்குத் தெரியாத கூட்டல் ஒன்றும் நடக்கிறது. அது பெண்ணின் நேரத்தில் நடக்கிறது.

முதலில் தெரியும் கணக்கைப் பார்ப்போம். கோடு போட்ட விலை பெரும்பாலும் எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்சச் சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த விலையை நிர்ணயிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். அந்த விலைக்கு அந்தப் பொருள் என்றாவது விற்றதா என்பதை அந்த எண் நமக்குச் சொல்லாது. பாதி விலை என்கிறார்களே, எதில் பாதி என்று கேட்க வேண்டியிருக்கிறது. வட்டியில்லாத் தவணை என்பதும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று உண்மையில் எதுவும் இல்லை, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்ற பெயரில் வருவதில், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் குறைத்துக் காட்டிவிட்டு, வங்கி அந்த வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்கிறது. வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பல அட்டைகளில் செயல்முறைக் கட்டணமும் உண்டு.

இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண்களும் வாசிப்புக்குரியவை. வாட் என்பது அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு. மாவைப் பிசையும் விசை மோட்டாரின் தரத்தையும் பல்சக்கர அமைப்பையும் பொறுத்தது. 300 வாட் என்று எழுதிய இயந்திரம், 1200 வாட் என்று எழுதியதைவிட நன்றாகப் பிசையக்கூடும். கிண்ணம் 5 லிட்டர் என்றால் 5 லிட்டர் மாவு பிசையலாம் என்று பொருளில்லை. எத்தனை கிலோ கெட்டி மாவு தாங்கும் என்பது கையேட்டில் வேறிடத்தில் இருக்கும். பழுதானால் பார்க்க நம் ஊரில் ஆள் உண்டா என்பதைத் தாள் சொல்வதில்லை. நல்ல இயந்திரங்களில் பல 10 கிலோவுக்கு மேல் இருக்கும். சமையல் மேடையில் அதற்கு நிரந்தர இடம் இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் பரணிலிருந்து இறக்குவது யாருடைய இடுப்பு?

இந்த இயந்திரம் பிறந்தது அமெரிக்காவில். அதுவும் வீட்டுக்காக இல்லை, ரொட்டிக் கடைகளுக்காக. 1908-இல் ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு ரொட்டிக் கடைக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்து இதற்கான வேலையைத் தொடங்கினார் என்பது பதிவான வரலாறு. முதலில் வந்தவை பேக்கரிகளுக்கான பெரிய இயந்திரங்கள். கூலிக்கு வேலை நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானால் அது கணக்கில் தெரியும். 1919-இல்தான் வீட்டுக்கான சிறிய வடிவம் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வந்தது. விலை 189 டாலர் 50 சென்ட். எடை ஏறக்குறைய 30 கிலோ. கடைகள் வாங்கி வைக்கத் தயங்கியதால் வீடுவீடாகப் போய் இயக்கிக் காட்டி விற்றார்கள். அப்படி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தப் பெயர் வந்த கதை ஒன்றும் உண்டு. நிறுவன அதிகாரிகள் இயந்திரத்தைத் தங்கள் வீடுகளில் கொடுத்துப் பார்த்தபோது, ஓர் அதிகாரியின் மனைவி, தனக்கு வாய்த்த ஆகச் சிறந்த சமையலறை உதவி இதுதான் என்றாராம். அந்தச் சொல்லே வணிகப் பெயராகிவிட்டது. கதை பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் பொறியாளருக்குப் பெயர் இருக்கிறது. பெயர் சூட்டியவருக்கு இல்லை. அவர் இன்னாரின் மனைவி, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் கதையில் மனைவியின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1960-களில் பம்பாயில் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் மனைவி மாதுரி, பழுதாகிப்போன தன் ஜெர்மன் மிக்ஸரை முன்வைத்துக் கணவரிடம் கேட்ட கேள்வியிலிருந்துதான் சுமீத் மிக்ஸி உருவானது. கேக் மாவையும் பழச்சாற்றையும் மனதில் வைத்துச் செய்த மேலைநாட்டு இயந்திரங்கள், ஊறவைத்த பருப்பையும் மஞ்சளையும் மிளகாயையும் அரைக்கத் திணறின. மாதுரியின் கேள்வியை நான் ஒரு தொழில்நுட்ப விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். இயந்திரம் எந்தச் சமையலறையைக் கற்பனை செய்துகொண்டு பிறந்தது என்று கேட்கத் தெரிந்தவர் அந்தச் சமையலறையில் நின்றவர். ஸ்டாண்ட் மிக்ஸரிடமும் அதைக் கேட்கலாம். அது கலக்கும், அடிக்கும், பிசையும். அரைக்காது. நம் இட்லி மாவுக்கும் சட்னிக்கும் அது உதவாது. ஆகவே அது வீட்டுக்குள் வரும்போது பழைய வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் புது வேலை ஒன்றைக் கொண்டுவருகிறது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலின் வாதம் இதுதான். வீட்டு இயந்திரங்கள் ஆண்களும் குழந்தைகளும் வேலையாட்களும் செய்துவந்த வேலைகளைக் குறைத்தன. கூடவே சுத்தத்துக்கும் சாப்பாட்டுக்குமான எதிர்பார்ப்பை உயர்த்தின. உயர்ந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு அம்மாவிடம் தங்கிவிட்டது.

என்னோடு பணிபுரியும் பேராசிரியை ஒருவர் நல்ல தள்ளுபடியில் ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கினார். அதுவரை பிறந்தநாள் கேக் தெருமுனைப் பேக்கரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இயந்திரம் வந்த வாரமே, "இனிமே கடையில எதுக்கு?" என்று கணவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் பள்ளி விழா, மாமியாரின் அறுபதாம் கல்யாணம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தபோது நான் கவனித்தேன். வெண்ணெயை வெளியே எடுத்து வைப்பது, மாவைச் சலிப்பது, தட்டில் தாள் போடுவது, அவனைச் சூடாக்குவது, இரண்டு முறை எட்டிப் பார்ப்பது, ஆறவைப்பது, கிரீம் பூசுவது, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கிண்ணங்களைச் சுடுநீரில் கழுவுவது. மூன்று மணி நேர வேலையில் இயந்திரம் ஓடியது கால் மணி நேரம்கூட இல்லை. பேக்கரியில் ஒருவர் கூலிக்குச் செய்த வேலை வீட்டுக்குள் வந்து கூலியில்லாத வேலையாகிவிட்டது. குடும்பம் கேக் செலவை மிச்சப்படுத்திவிட்டது. மிச்சமான பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அவர் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இரவு பதினோரு மணிக்குப் பிரிக்கப்பட்டது.

தேசியப் புள்ளிவிவர அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு எண் தருகிறது. 2019-இல் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். 2024-இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் எத்தனையோ ஆடித் தள்ளுபடிகளும் தீபாவளிச் சலுகைகளும் வந்துபோயின. பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

அப்படியானால் பெண்கள் ஏன் இதை விரும்பிச் செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்போது நான் குறுந்தொகையின் 167-ஆம் பாடலுக்குப் போவேன். கூடலூர் கிழார் பாடியது. புதுமனைவி கெட்டித் தயிரைத் தன் மெல்லிய விரல்களால் பிசைகிறாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. உடுத்திய துணியிலேயே கையைத் துடைத்துக்கொள்கிறாள். புளிக்குழம்பை உண்ட கணவன் நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளின் குடும்ப வாழ்க்கையைப் பார்த்துவந்த செவிலி அதை நற்றாய்க்குச் சொல்கிறாள். இரண்டாயிரம் ஆண்டாக நாம் இதை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகக் கற்பித்துவருகிறோம். நானும் கற்பிக்கிறேன். அழகான கவிதை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அம்மா, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பிறகு அமைதியானது. பாட்டில் அதற்கு விடை இல்லை.

பிசைந்த கைக்குக் கிடைத்த கூலி ஒரு பாராட்டுச் சொல். அந்தச் சொல் பொய்யில்லை. அதில் கிடைக்கும் மகிழ்ச்சியும் பொய்யில்லை. கேக் பொன்னிறமாக உப்பி எழும்போது அதைச் செய்தவளுக்கு வரும் மகிழ்ச்சி, ஒரு வரி சரியாக அமைந்ததும் எனக்கு வருவதைப் போன்றதுதான். பெண்ணியம் அந்த மகிழ்ச்சியைப் பறிக்க வரவில்லை. பாராட்டோடு கணக்கு முடிந்துவிட்டது என்பதைத்தான் மறுக்கிறது. ஆடித் தாளில் சிரிக்கும் குடும்பம் அந்தப் பழைய பாடலின் வண்ணப் பதிப்பு. புகையும் கறையும் மட்டும் நீக்கப்பட்டிருக்கின்றன. அந்த வகையில் கூடலூர் கிழார் இந்த விளம்பரக்காரரைவிட நேர்மையானவர். கண்ணில் புகை ஏறியதையாவது சொன்னார்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு குரலும் உண்டு. அம்மியில் அரைத்தால்தான் ருசி, ஆட்டுக்கல் போன பிறகு இட்லியே இல்லை என்று ஏங்கும் குரல். அதை எழுதியவர்களில் எத்தனை பேர் குழவியைப் பிடித்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். உலக்கை குத்தும்போது பெண்கள் பாடிய வள்ளைப்பாட்டு நமக்கு இலக்கியச் செல்வம்தான். அந்தப் பாட்டு உழைப்பின் வலியைத் தாங்கப் பிறந்தது. பாட்டு வேண்டும் என்பதற்காக உலக்கையைத் திரும்பக் கையில் கொடுக்க முடியாது. எனக்கு இயந்திரத்தோடு சண்டை இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு சமையல் இயந்திரம் பெண்ணிடம் வந்துசேர மூன்று வழிகள் உண்டு. சீர், விலையில்லாப் பொருள், தள்ளுபடி. முதல் வழியில் கிரைண்டரும் மிக்ஸியும் கட்டிலோடும் பீரோவோடும் மணப்பெண்ணின் வீட்டிலிருந்து வண்டி ஏறி வருகின்றன. அவளுடைய எதிர்கால உழைப்புக்கான கருவியை அவளுடைய அப்பாவே வாங்கித் தர வேண்டும். இரண்டாவது வழி 2011 செப்டம்பரில் வந்தது. அரிசி பெறும் குடும்ப அட்டை உள்ள வீடுகளின் பெண்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் அது. அரசு அதை இலவசம் என்று சொல்லாமல் விலையில்லா என்றது. நீதிமன்றம் வரை போன விவாதத்தில், இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்ணைகளில் விவாதம் ஓயவில்லை. இலவச மிக்ஸி பெண்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று என் காதுபடச் சொன்னவர்களே ஆடியில் முதல் ஆளாகக் கடை வாசலில் நிற்பார்கள். கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு மிக்ஸி கிடைத்தால் அது மானக்கேடு. சம்பளக்காரர் வீட்டுக்குப் பாதி விலையில் கிடைத்தால் அது சாமர்த்தியம்.

அரசின் கண்ணும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மிக்ஸிக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் 28 சதவீதம், உச்ச வரி. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். ஓராண்டு எதிர்ப்புக்குப் பிறகு, 2018 ஜூலையில் நடந்த ஒரே கூட்டத்தில் நாப்கினுக்கு வரிவிலக்கும் மிக்ஸிக்கு 18 சதவீதமும் ஆனது. பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் கருவியை ஆடம்பரம் என்று வகைப்படுத்துவதும் அந்த உழைப்பை மதிப்பிடாமல் விடுவதும் ஒரே பார்வையிலிருந்து வருபவை. விலையில்லா என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் வெட்டும். விலைமதிப்பற்றது என்று மேடையில் புகழவும் அதே சொல், கூலி கிடையாது என்று கையை விரிக்கவும் அதே சொல். அம்மாவின் சமையலுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

இந்த மூன்று வழிகளுக்கும் வெளியே நான்காவது ஒன்று இருக்கிறது. தனக்கான தொழிற்கருவியைத் தானே முடிவுசெய்து, தன் பணத்தில் வாங்குவது. 2020 ஊரடங்குக்குப் பிறகு நம் ஊர்களில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் பெருகினார்கள். அவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. முதுகலை முடித்தவள். இரண்டு குழந்தைகள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுசெய்துகொண்டு முறையாகச் செய்கிறாள். கை பீட்டரால் அடித்து அடித்துத் தோள் வலி வந்தபின், சீட்டுப் பணத்தில் தள்ளுபடிக் காலம் பார்த்து ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கினாள். அவளுக்கு அது பரிசு இல்லை. அவள் வாக்கியத்தில் அவளே எழுவாய். ஒரே நாளில் நான்கு கேக் செய்ய முடிந்தது. தோள் வலி குறைந்தது. இந்த இயந்திரத்தின் பயன் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. உறவினர்களிடமிருந்துதான் ஆர்டர் அதிகம். ஒரு கிலோ கேக்குக்கு விலை சொன்னால், "அத்தைகிட்டயே இவ்வளவு கேக்குறியா? பாத்துப் போட்டுக் குடும்மா, மெஷின்தானே செய்யுது" என்பார்கள். இயந்திரத்தின் விலையில் கிடைத்த தள்ளுபடியைப் போலப் பல மடங்கு தள்ளுபடியை, தன் உழைப்பின் விலையில் அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் கேக் வாங்கும்போது பேரம் பேசாதவர்கள் இவளிடம் பேசினார்கள். வீட்டிலிருந்து வருவதால் அது உழைப்பாகத் தெரியவில்லை. பெண் கையிலிருந்து வருவதால் அது அன்பாகத் தெரிந்தது. அன்புக்கு எப்படிப் பில் போடுவது?

அவள் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினாள். முட்டை, வெண்ணெய், மைதா, கிரீம், மின்சாரம், அட்டைப் பெட்டி எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருந்தது. மொத்தத்தைக் கழித்து மீதியை லாபம் என்று எழுதியிருந்தாள். "உன் கூலி எங்கே?" என்று கேட்டேன். "லாபம்தாம்மா என் கூலி" என்றாள். "அப்ப ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பார்" என்றேன். மணிக்கணக்கை எழுதி வகுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு அவள் தரும் கூலியைவிடக் குறைவாக இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து நோட்டில் கைக்கூலி என்று ஒரு பத்தி சேர்ந்தது. இயந்திரத்தின் விலையையும் மாதங்களாகப் பிரித்து எழுதினாள். கேக் விலை உயர்ந்தது. மூன்று உறவினர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். அத்தை ஒரு கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். வருமானம் முதலில் குறைந்து, பிறகு பழைய இடத்துக்கே வந்தது. செய்யும் கேக்குகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்தே இருக்கிறது.

தள்ளுபடியில் எதை வாங்குவதானாலும் நாம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அந்தப் பத்திதான். எவ்வளவு குறைத்தார்கள் என்பதற்குப் பக்கத்தில், யாருடைய எத்தனை மணி நேரம் கூடப்போகிறது, அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்றும் எழுதிவிட வேண்டும். இயந்திரம் வாங்குகிற வீட்டில் கிண்ணம் கழுவுபவர் யார் என்பது பில் போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். என் மாணவியின் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டர் எடுப்பதில்லை. இயந்திரம் துணி போர்த்தி மேடையில் நிற்கிறது. அவள் பகல் முழுக்கத் தூங்குகிறாளாம். முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்யலாமா என்று போன வாரம் போனில் கேட்டாள்.